சித்தப்பா ஓட ஒரு காலி இடம்

என் சித்தப்பா ஓடுவதைப் பார்க்காதவர்கள் ஓட்டம் என்றால் என்னவென்று தெரியும் என்று சொல்லக் கூடாது. இதை நான் வீட்டுப் பெருமைக்காகச் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் எங்கள் ஊர் விஸ்வநத்தத்தில் யாரைக் கேட்டிருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பார்கள். பட்டாசுக் கம்பெனியில் சாயங்காலச் சங்கு ஊதியதும் வாசலைத் தாண்டி வந்து வேட்டியை மடித்துக் கட்டுவார். அதுவரைதான் நம் கண்ணுக்குத் தெரியும். அடுத்த நிமிஷம் கருவேல மரங்களுக்கு அந்தப் பக்கம் புழுதி மட்டும் எழும்பி நிற்கும்.

நயா பைசா வந்த பிறகும் எங்கள் ஊர்க் கடைக்காரர் அணாவிலேயே பேசிக்கொண்டிருந்த காலம் அது. நான் நாலாம் வகுப்புப் படித்தேன். கம்பெனி ஆட்கள் சேர்ந்து ஒரு கால்பந்து டீம் வைத்திருந்தார்கள். வெறுங்கால் ஆட்டம்தான். கேப்டன் என் மாமா, அம்மாவின் தம்பி. அவர் மைதானத்தின் நடுவில் ஆடுவார். சித்தப்பாவை வலது ஓரத்தில் ரைட் அவுட்டாக நிறுத்தியிருந்தார். ஓடத் தெரிந்தவனை ஓரத்தில் போடு, பந்தைக் கொடு, ஜெயித்துவிடலாம் என்று எல்லோரும் நினைத்தார்கள். நானும் நினைத்தேன்.

ஆனால் நடந்தது வேறு. விருதுநகர் வியாபாரிகள் வீட்டுப் பையன்கள் ஒரு டீம் வைத்திருந்தார்கள். அவர்களோடு ஆடப்போனபோது சித்தப்பாவின் காலுக்குப் பந்து வரும். இவர் கிளம்புவார். எதிராளி ஒருவன் பக்கத்தில் வந்தால் போதும், கால் தானாக மெதுவாகிவிடும். தோளை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு அவனுக்கு வழி விடுவதுபோல் நிற்பார். அவன் சாவகாசமாகப் பந்தைத் தட்டிக்கொண்டு போய்விடுவான்.

சுற்றி நின்றவர்கள், எங்களோடு வந்த ஊர்க்காரர்கள்கூட, சும்மா இருப்பார்களா?

"ஏலே, டவுன் பஸ்ஸுலே இது! ஆளைக் கண்டா நிக்குது பாரு!"

"கையைக் காட்டுங்கலே, ஏத்திக்கிடுவாரு!"

மூன்று கோல் வாங்கித் தோற்றோம். லாரியில் ஏறித் திரும்பினோம். சித்தப்பா பயந்தவர் என்று எனக்குத் தோன்றியது. அதை யாரிடமும் சொல்லாமல் மனதுக்குள் வைத்துக்கொண்டு அழுதேன்.

காரணத்தைக் கண்டுபிடித்தவர் மாமாதான். ஒரு நாள் மத்தியானம் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்தவர், சோற்றைப் பிசைந்தபடியே அம்மாவிடம் சொன்னார்:

"அக்கா, இன்னைக்கு உன் கொழுந்தனை மருந்து ஷெட்டுப் பக்கம் பார்த்தேன். தட்டுல மருந்தை வச்சுக்கிட்டு வாறான். எதுத்தாப்புல ஒரு பொம்பள வருது. நின்னான். தோளைத் திருப்பினான். அது தாண்டிப் போன பெறகுதான் காலை எடுத்து வச்சான். அச்சு அசலா மைதானத்துல செய்யிற அதே காரியம்!"

சித்தப்பா மீசை முளைக்கும் முன்பே அந்த வேலைக்குப் போனவர். பட்டாசுக்குக் கலக்கிய மருந்தை ஒரு ஷெட்டிலிருந்து இன்னொரு ஷெட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் அவர் வேலை. கம்பெனிக்குள் யாரும் ஓடக் கூடாது. எதிரே ஆள் வந்தால் நின்று, வழி விட்டு, பிறகுதான் போக வேண்டும். இடித்துக்கொண்டால் தட்டு விழும். தட்டு விழுந்தால் என்ன ஆகும் என்பதைச் சிவகாசிப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒன்பது வருஷம் அப்படி நடந்து நடந்து, பக்கத்தில் ஒரு உடம்பு வந்தாலே அவர் கால்கள் நிற்கப் பழகிவிட்டன. மூளையைக் கேட்பதே இல்லை.

"அப்ப அவனை டீமைவிட்டு எடுத்துரு" என்றார் அம்மா.

"எதுக்கு எடுக்கணும்? பக்கத்துல ஆள் இருந்தாத்தான நிக்கிறான்? ஆள் இல்லாத இடத்துல ஓடவிட்டுட்டாப் போச்சு" என்றார் மாமா.

அதிலிருந்து தினமும் சாயங்காலம் தண்ணீர் வற்றிப்போன கண்மாய்க்குள் பயிற்சி நடந்தது. மாமா ஒரு குச்சியால் தரையில் கோடு கிழித்து விளக்குவார். "நம்ம கம்பெனியில ஷெட்டுக்கு ஷெட்டு எதுக்கு இம்புட்டு இடம் விட்டுக் கட்டியிருக்கு? ஒண்ணு போனாலும் இன்னொண்ணு தப்பிக்கத்தான? நீங்க என்னடான்னா பந்தைச் சுத்தி பத்துப் பேரும் எறும்பு மாதிரி மொய்க்கிறீக! எல்லாரும் இடது பக்கமே வெளாடுங்க. அவங்க ஆளுக அம்புட்டுப் பேரும் அங்கன வருவாங்க. அப்பப் பார்த்து நான் பந்தை வலது மூலைக்குத் தூக்கி அடிக்கேன். இன்னொண்ணு, பந்தை இவன்கிட்ட அடிக்காதீக. இவன் இல்லாத இடத்துக்கு அடிங்க."

"இல்லாத எடத்துக்கு அடிச்சா யாருண்ணே எடுப்பா?" என்று கேட்டார் எங்கள் லெப்ட் பேக். இடது ஓரத்தில் எதிராளியைத் தடுத்து ஆடுகிறவர். கம்பெனியில் லோடு ஏற்றும் வேலை, கதவு போன்ற உடம்பு.

"அவந்தான்."

எல்லோரும் சிரித்தார்கள். சித்தப்பாவும் சிரித்தார்.

அந்தப் பயிற்சியில் எனக்கும் ஒரு வேலை கிடைத்தது. எவ்வளவு நெருக்கத்தில் ஆள் இருந்தால் சித்தப்பா நிற்கிறார் என்று மாமாவுக்குத் தெரிய வேண்டியிருந்தது. என்னை அவர் ஓடுகிற வழியில் நிறுத்தினார். மூன்றடி தள்ளி நான் நின்றால், கோழிக்குஞ்சு மாதிரி இருந்த எனக்கே சித்தப்பா தோளைத் திருப்பி வழி விட்டார். ஆறடியில் கொஞ்சம் தயங்கினார். பத்தடி தள்ளி நின்றபோது அவர் என்னைத் தாண்டிப் போன காற்றில் என் சட்டை படபடத்தது. "பத்தடி!" என்று கத்தினேன். மாமா என் தலையில் செல்லமாக ஒரு குட்டு வைத்தார்.

மறுபடியும் விருதுநகர் டீமோடு ஆட்டம், இந்தத் தடவை எங்கள் மண்ணில். மதுரைப் பக்கத்து மில் ஒன்றிலிருந்து வெள்ளை வேட்டி கட்டிய ஒரு சார் வந்திருந்தார். அவர்கள் மில்லுக்கும் ஒரு டீம் உண்டு. நன்றாக ஆடுகிறவர்களை வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள் என்று பேச்சு.

அன்றைக்குச் சித்தப்பா ஆடியதை எழுத எனக்கு வார்த்தை போதாது. இடது பக்கம் பத்துப் பதினைந்து பேர் புழுதிக்குள் கட்டிப் புரண்டுகொண்டிருப்பார்கள். வலது ஓரத்தில் அவர் மட்டும் இடுப்பில் கை வைத்து, ஆட்டத்துக்கே சம்பந்தம் இல்லாதவர்போல் நிற்பார். திடீரென்று மாமாவின் காலிலிருந்து பந்து அத்தனை தலைகளுக்கும் மேலே எழும்பி, யாருமே இல்லாத மூலையில் போய் விழும். விழுவதற்குள் சித்தப்பா அங்கே இருப்பார். எப்போது கிளம்பினார், எப்படிப் போனார் என்று பார்க்க முடியாது. துரத்துகிறவன் மூச்சு வாங்கி முட்டியில் கை ஊன்றும்போது இங்கே கோல் விழுந்திருக்கும். போன தடவை டவுன் பஸ் என்று சொன்ன அதே ஆள், "இதுக்கு ஸ்டாப்பே கெடையாதுலே!" என்று துண்டைச் சுழற்றினார். நாலுக்கு ஒன்று என்று ஜெயித்தோம்.

மில் சார் சித்தப்பாவைக் கூப்பிட்டு, மூன்று மாதம் டெம்பரரியாக வரச் சொன்னார். பிறகு மாமாவும் அந்தச் சாரும் வேப்பமரத்தடியில் தனியாகப் பேசினார்கள். நான் பக்கத்தில்தான் நின்றேன். "பந்தை இவன் கால்ல குடுக்காதீக சார், முன்னால விடுங்க. நெருக்கத்துல ஓட மாட்டான்" என்று எங்கள் ரகசியம் முழுவதையும் மாமா அவிழ்த்துக் கொட்டினார். எனக்கு ஆத்திரமாக வந்தது.

சித்தப்பா டிரங்குப் பெட்டியோடு பஸ் ஏறினார். மருந்து ஷெட்டில் வேலை செய்கிறவர்கள் வீட்டில், பகலில் எங்கே பெரிய சத்தம் கேட்டாலும் பெண்கள் வாசலுக்கு ஓடிவந்து கம்பெனி இருக்கிற திசையைப் பார்ப்பார்கள். சித்தப்பா போன பிறகும் அம்மாவுக்கு அந்தப் பழக்கம் போகவில்லை. ஓடி வருவார், ஞாபகம் வந்து திரும்பிப் போவார்.

மாரியம்மன் கோயில் பங்குனிப் பொங்கல் சமயத்தில் விருதுநகரில் கால்பந்துப் பந்தயம் வைத்தார்கள். கடைசி ஆட்டத்துக்கு வந்தது எங்கள் டீமும் மில் டீமும். சித்தப்பா எங்களுக்கு எதிராக ஆட வேண்டும். மூன்று மாதமும் அந்த வாரம்தான் முடிகிறது.

காலையில் அம்மா மாமாவிடம் சொன்னது என் காதில் விழுந்தது. "மில்லுல பெரிய ஆளுக எல்லாம் பார்க்க வாறாகளாம். நல்லா வெளாடினா பெர்மனென்ட்டு. இல்லேன்னா திரும்ப மருந்துத் தட்டுதான். நீ பார்த்து..."

"நான் என்னக்கா பார்க்க? நான் எதிர் டீமுல்லா" என்றார் மாமா.

எனக்கோ சித்தப்பாவும் நன்றாக ஆட வேண்டும், நாங்களும் ஜெயிக்க வேண்டும். இரண்டும் சேர்ந்து நடக்காது என்பது அந்த வயதில் உறைக்கவில்லை.

ஆட்டத்தின் முதல் பாதியில் எங்கள் லெப்ட் பேக் சித்தப்பாவை ஒட்டிக்கொண்டே திரிந்தார். பழைய கூட்டாளி அல்லவா, அவருக்குத் தெரியாத ரகசியமா? காலி இடத்துக்குப் பந்து வந்தது. ஆனால் சித்தப்பா கிளம்பும் முன்பே அந்தக் கதவு அவர் தோளுக்குப் பக்கத்தில் நின்றது. சித்தப்பாவின் கால் நின்றது. தோள் திரும்பியது. பந்தலுக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்த பெரிய மனிதர் ஒருவர், வெள்ளை வேட்டி சாரிடம் குனிந்து ஏதோ கேட்டார். சார் முகம் சுண்டிப்போனது. நான் கை தட்டிக்கொண்டிருந்தேன்.

இடைவேளையில் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் லெப்ட் பேக் ரொம்பச் சந்தோஷமாக இருந்தார். "அண்ணே, நான் இப்படியே ஒட்டிக்கிட்டு நின்னாப் போதும். ஆளு அசைய மாட்டான்."

மாமா தண்ணீரைக் குடித்து முடித்தார். பிறகு, "நீ நடுவுக்கு வா. அவங்க சென்டர் பார்வர்டு சும்மா இருக்க மாட்டான், அவனைப் பாரு. அந்த ஓரத்தை நான் பார்த்துக்கிடுதேன்" என்றார்.

"நீங்களாண்ணே? உங்களால ஓட முடியுமா?"

"பார்ப்போம்."

இரண்டாம் பாதியில் மாமா இடது ஓரத்துக்குப் போய்ச் சித்தப்பாவுக்கு எதிரே நின்றார். எவ்வளவு தள்ளி நின்றார் என்று எனக்குக் கண்ணாலேயே அளக்கத் தெரியும். பத்தடி.

நான் கோட்டோரம் ஓடினேன். "மாமா, கிட்டப் போங்க! கிட்டப் போங்க மாமா! நின்னுருவாக!" தொண்டை கட்டும்வரை கத்தினேன். மாமா என் பக்கம் திரும்பவே இல்லை. சித்தப்பா திரும்பிப் பார்த்தார். என்னை ஒரு பார்வை, மாமாவை ஒரு பார்வை. பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

பந்து மூலைக்கு வந்தது. சித்தப்பா ஓடினார். அதற்கு முன்னாலும் சரி, பின்னாலும் சரி, அவர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. மாமாவும் துரத்தினார், நிஜமாகவே பல்லைக் கடித்துக்கொண்டுதான் துரத்தினார். ஆனால் காற்றை யார் பிடிப்பது? கோல்! நாற்காலியில் இருந்த பெரிய மனிதர் எழுந்து நின்றுவிட்டார். அதற்குப் பிறகும் மூன்று தடவை சித்தப்பா அந்த ஓரத்தில் பறந்தார். மூன்று தடவையும் மாமா பத்தடி தள்ளித்தான் நின்றார். எங்கள் கோல்கீப்பர் விழுந்து புரண்டு காப்பாற்றியதால் ஒரு கோலோடு போயிற்று.

தோற்று வெளியே வந்த மாமாவை எங்கள் டீம்காரர்களே விடவில்லை. "கேப்டன் நல்லா வேடிக்கை பார்த்தீகண்ணே!" என்றார் லெப்ட் பேக். மாமா முகத்தைத் துடைத்துக்கொண்டு, "நான் என்ன செய்யட்டும், புடிக்க முடியலையே" என்று சிரித்தார்.

மில் ஆட்கள் சித்தப்பாவைச் சூழ்ந்துகொண்டு தோளில் தட்டிக்கொண்டிருந்தார்கள். அவர் அந்தக் கூட்டத்தைத் தாண்டி எங்களைத் தேடுவது தெரிந்தது. மாமா பார்க்காததுபோல் என் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தார். நான் கையை உதறினேன்.

"கிட்டப் போயிருந்தா நாம ஜெயிச்சிருப்போம்ல? நான் எம்புட்டுக் கத்தினேன்! உங்களுக்குத்தான் தெரியும்ல? பத்தடின்னா ஓடுவாக, மூணடின்னா நிப்பாக. நாமதான அளந்தோம்?"

மாமா நின்றார். நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"அடடா! மறந்துபோச்சுலே."

அந்தப் பதில் எனக்குப் போதுமானதாக இருந்தது. கோபம்கூடப் போய், பாவம் என்று தோன்றியது. இவ்வளவு முக்கியமான விஷயத்தையே மறக்கிற மனிதர் வேறு என்னவெல்லாம் மறப்பார் என்று கவலைப்பட்டேன். அன்றிலிருந்து மாமா எங்கள் வீட்டுக்கு வந்து புறப்படும்போதெல்லாம் வாசல்வரை பின்னாலேயே போய், "துண்டை எடுத்தீகளா மாமா? சாவியை எடுத்தீகளா? செருப்பு அந்தப் பக்கம் கெடக்கு, மறந்துராதீக" என்று ஒவ்வொன்றாக ஞாபகப்படுத்துவேன். அவரும் ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்த்து, "நல்லவேளை சொன்னே" என்பார். அம்மா கதவைப் பிடித்துக்கொண்டு எதற்காக அப்படிச் சிரிக்கிறார், சிரித்துக்கொண்டே எதற்காகக் கண்ணைத் துடைக்கிறார் என்று எனக்கு விளங்கவே இல்லை.