சின்னம்மை இறங்கிய பிறகு

எனக்குச் சின்னம்மை போட்டு, தலைக்குத் தண்ணீர் ஊற்றி, உடம்பெல்லாம் சரியாகிவிட்டது என்று எல்லோரும் நினைத்திருந்த நேரம். அப்போது எனக்கு எட்டு வயது. ஒருநாள் காலையில் பாயை விட்டு எழுந்து வாசலுக்குப் போகப் பார்த்தேன். நேராகத்தான் நடந்தேன், ஆனால் தோள் போய்க் கதவில் இடித்தது. நான் விளையாடுகிறேன் என்று அம்மா நினைத்தார். டம்ளரை எடுக்க நீட்டிய கை அதைத் தாண்டிப் போய்த் தட்டிவிட்டு, காப்பியெல்லாம் தரையில் ஓடிய பிறகுதான் அம்மாவின் முகம் மாறியது.

தாமல் கிராமத்து விவசாயக் குடும்பம் எங்களுடையது. அப்பாவுக்குத் தனியார் பஸ்ஸில் கண்டக்டர் வேலை கிடைத்ததால் காஞ்சிபுரத்தில் நெசவாளர்கள் தெருவில் ஒரு சின்ன வீட்டில் குடியிருந்தோம். நான் தள்ளாடுவதைப் பார்த்துத் தெருப் பிள்ளைகள் சாராயம் குடித்தவர்போல நடந்து காட்டிச் சிரித்தார்கள். தண்ணீர் சீக்கிரம் ஊற்றிவிட்டதால் அம்மனுக்குக் கோபம் என்று பெரியவர்கள் சொன்னார்கள். அப்பா ஊர் அம்மனுக்குப் பொங்கல் வைப்பதாக வேண்டிக்கொண்டார். அம்மா அதை மறுக்கவில்லை. வேண்டுதலை மகளே நடந்து போய்ச் செய்யட்டும் என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே என்னை ரிக்‌ஷாவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

அங்கே ஒரு டாக்டரம்மா இருந்தார். தன் விரலைத் தொட்டுவிட்டு என் மூக்கைத் தொடச் சொன்னார். என் விரல் கன்னத்தில் குத்தியது. மறுபடி செய்தேன், இந்தமுறை கண்ணுக்குப் பக்கத்தில். எனக்கு அழுகை வந்தது. அம்மைக் கிருமி போய்விட்டது, ஆனால் அதை எதிர்த்துச் சண்டை போட்ட உடம்பு இன்னும் ஓயவில்லை, அதனால் நடையைப் பார்த்துக்கொள்கிற பின்மூளை வீங்கியிருக்கிறது என்று அவர் அம்மாவுக்கு விளக்கினார். வார்டில் வைத்திருந்து பார்த்துவிட்டு வீட்டுக்கு அனுப்பும்போது, இதைச் சட்டென்று குறைக்க மருந்து இல்லை, வீக்கம் மெல்ல வடியும், அதுவரை பிள்ளையைப் படுக்கப் போட்டுவிடாதீர்கள், தானாக நடக்கட்டும், தானாகச் சாப்பிடட்டும் என்றார்.

அம்மா அதை அப்படியே பிடித்துக்கொண்டார். சோற்றைப் பிசைந்து தட்டில் வைப்பார், ஊட்ட மாட்டார். பாதி மடியில் சிந்தும். அப்பாவுக்கு அதைப் பார்க்க முடியாது. அம்மா கிணற்றடிக்குப் போன சமயம் பார்த்து அவசரமாக நாலு வாய் ஊட்டிவிடுவார். வெளியே போனால் தோளில் தூக்கிக்கொள்வார். ஒருநாள் அம்மா அவரை நிறுத்தி, "நீ தூக்கிக்கினே போனா அவ எப்பதான் நடப்பா?" என்று கேட்டார். அப்பா என்னை இறக்கிவிட்டார்.

எங்கள் தெருவில் காலையில் தறிக்கான பட்டு இழைகளைப் பாவாக நீளமாக இழுத்துக் கட்டியிருப்பார்கள். நான் அதில் விழுந்தால் அத்தனை இழையும் போய்விடும். அதனால் அம்மா சாயங்காலத்தில் என்னைப் பக்கத்துக் கோயிலின் வெளிப் பிராகாரத்துக்குக் கூட்டிப்போனார். நீண்ட மதில் சுவர், பிடித்துக்கொண்டு நடக்கலாம். வெயிலில் காய்ந்த கல் உள்ளங்கையைச் சுடும். அம்மா கொஞ்சம் முன்னால் நின்று கூப்பிடுவார். நான் போய்ச் சேர்ந்ததும் இன்னும் தள்ளிப் போய் நிற்பார்.

சுவரை விட்டு நடக்கச் சொன்ன முதல் நாளே விழுந்தேன். முழங்கால் தேய்ந்து ரத்தம் வந்தது. அம்மா நின்ற இடத்திலேயே நின்றார். சாமி கும்பிட வந்த ஓர் அம்மாள் என்னைத் தூக்க ஓடிவந்தார்.

"தொடாதீங்கமா. அவளே எழுந்துக்குவா," என்றார் அம்மா.

அந்த அம்மாள் திகைத்துப்போய், நீ பெற்றவளா என்று கேட்டார். அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு வலியைவிட அம்மாமேல் கோபம்தான் அதிகமாக இருந்தது. அந்தக் கோபத்தில் கையை ஊன்றி, பின்பக்கத்தைத் தூக்கி, ஆடி ஆடி எழுந்து நின்றேன். உன்னிடம் வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு எதிர்ப்பக்கமாக நடந்தேன். பத்தடி போயிருப்பேன். சுவரைப் பிடிக்காமல் நடந்துவிட்டதே அப்போது எனக்குத் தோன்றவில்லை. திரும்பிப் பார்த்தபோது அம்மா அங்கேயே கல்லில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டிருந்தார்.

அதற்கப்புறம் ஒரே சீராக எல்லாம் தேறிவிடவில்லை. நன்றாக நடந்த நாளுக்கு மறுநாள் மோசமாக இருக்கும். கால் சரியான பிறகும் கை சரியாகவில்லை. சிலேட்டில் 'அ' எழுதினால் வண்டுபோல ஊர்ந்து மூலைக்குப் போகும். இந்த வருஷம் போகட்டும், அடுத்த வருஷம் இதே வகுப்பில் உட்காரட்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னார்கள். நான்தான் ஒத்துக்கொள்ளவில்லை. அம்மா அடுப்பு வேலை பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து எழுதுவேன், அழிப்பேன், திரும்ப எழுதுவேன். முழுப்பரீட்சைக்கு என் எழுத்து மற்றவர்களுடையதைவிட இரண்டு மடங்கு பெரிதாக இருந்தது. கூடுதலாக ஒரு தாள் கேட்டு வாங்கி எழுதினேன். பாஸானேன். கோடை விடுமுறையில் தாமலுக்குப் போய், பஸ் நின்ற இடத்திலிருந்து கோயில்வரை நடந்தே போய்ப் பொங்கல் வைத்தோம். அப்பா வழியெல்லாம் என் பக்கத்திலேயே வந்தார், ஒருமுறைகூடக் கையை நீட்டவில்லை.

எனக்கே குழந்தை பிறந்த பிறகுதான் அம்மா மீதியைச் சொன்னார். டாக்டரம்மா தன்னைத் தனியாகக் கூப்பிட்டு, பெரும்பாலான பிள்ளைகள் தேறிவிடுவார்கள், சிலர் தேறாமலும் போகலாம், மனதைத் திடப்படுத்திக்கொள்ளுங்கள் என்று சொன்னாராம். அதை அம்மா என் அப்பாவிடம்கூடச் சொல்லவில்லை. அவ்வளவு நாளும் எப்படி மனசுக்குள்ளேயே வைத்துக்கொண்டு இருந்தாய் என்று கேட்டேன்.

குழந்தையைக் கால்மேல் போட்டு எண்ணெய் தேய்த்துக்கொண்டே அம்மா சொன்னார்: "சொல்லி இன்னா ஆவப்போவுது? நீதான் தினம் நடந்துக்கினு இருந்தியே."