சூடம் அணைத்த கையோடு சுகாதார நிலையத்துக்கு

பழவேற்காடு என்று போனில் தேடிப் பாருங்கள். பூநாரை எந்த மாதம் வரும், படகுக்கு எவ்வளவு கேட்பார்கள், டச்சுக்காரர் கல்லறைக்கு எந்தத் தெரு, நண்டு வறுவல் எங்கே ருசி என்று பக்கம் பக்கமாக எழுதி வைத்திருக்கிறார்கள். எழுதியவர்கள் எல்லாம் காலையில் வந்து சாயங்காலம் திரும்பிப் போனவர்கள். ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற எங்கள் குப்பத்திலிருந்து, காய்ச்சலில் விழுந்த ஒருத்தியை டாக்டரிடம் கொண்டுபோவது எப்படி என்று ஒருவரும் எழுதவில்லை. சரி, நான் எழுதுகிறேன். ஐந்தாவது வரை படித்தவள், பேரன் பேத்தி எடுத்தவள். எழுத்தில் பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள். வழியில் பிழை இருக்காது.

போனது இந்தக் கார்த்திகை மழையில். காய்ச்சல்காரி என் நாத்தனார் முனியம்மா. நாங்கள் இரண்டு பேரும் ஏரியில் இறால் தடவுகிறவர்கள். வலை, படகு எதுவும் கிடையாது. மார்பளவு தண்ணீரில் இறங்கி, சேற்றில் விரலை விட்டுத் தடவித் தடவிப் பிடிக்க வேண்டும். இரண்டு கையும் தண்ணீருக்குள் இருப்பதால், பிடித்ததைப் போட்டுக்கொள்ளும் பறியைப் பல்லால் கடித்துக்கொண்டுதான் நடப்போம். பனை ஓலையில் பின்னிய கூடை அது. அது நிரம்ப நிரம்பக் கழுத்து கீழே இறங்கும். எங்கள் குப்பத்தில் முனியம்மாவின் பறிதான் எப்போதும் முதலில் ரொம்பும். அந்தப் பெருமை அவளுக்கு உண்டு. எனக்கும் இருந்தது, வயசு இடம் கொடுத்தவரைக்கும்.

மூன்று நாளாக அனல் பறந்தது. கெண்டைக்கால் வலி தாங்காமல் காலை நீட்டவும் முடியவில்லை, மடக்கவும் முடியவில்லை. கண் இரண்டும் மிளகாய்ப்பழம். ஆஸ்பத்திரிக்கு வாடி என்றால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

காரணம் எனக்குத் தெரியும். ஒரு மழைக்காலத்தில் இப்படித்தான் காய்ச்சல் வந்தது. மருத்துவ முகாம் நடத்த வந்தவர்களிடம் எங்கள் பெண் ஒருத்தி, ‘ஏரித் தண்ணியிலேதான் வந்துச்சு’ என்று சொல்லிவிட்டாள். அந்தப் பேச்சு டாக்டருக்குப் போனதோ இல்லையோ, கரைக்கு வரும் இறால் வியாபாரிக்குப் போய்விட்டது. ‘காய்ச்சல் இறால்’ என்று பேர் வைத்தான். தராசைக் கட்டி வைத்தான். மறுபடி அவிழ்த்தபோது பாதி விலைக்குத்தான் எடுத்தான். அதற்குப் பிறகு நாங்கள் எல்லோரும் அம்மன் கோயில் வாசலில் சூடம் ஏற்றி, கையால் அணைத்துச் சத்தியம் செய்தோம். செத்தாலும் டாக்டரிடம் ஏரி என்று சொல்வதில்லை. அணைத்ததில் என் கையும் ஒன்று.

அதனால் முனியம்மாவிடம் நான் சொன்னது இதுதான்: “வாயைத் தொறக்க வேணாம். ஊசி மட்டும் போட்டுகினு வந்துருவோம்.” அப்புறம்தான் எழுந்தாள்.

காலை ஆறரைக்குக் கிளம்பினோம். பொதுப் படகு ஏழரைக்குத்தான் என்பதால் தெரிந்த பையன் ஒருவனின் மோட்டார் படகு. தனிப் படகென்றால் முந்நூறு கேட்பான், எங்களிடம் நூறு வாங்கினான். காற்று எதிரில் இருந்ததால் அரை மணிக்கு மேல் ஆனது. படகில் ஏற முட்டளவுத் தண்ணீரில் நடக்க வேண்டும், இறங்கவும் அப்படித்தான். காய்ச்சல்காரியை இடுப்பைப் பிடித்துத் தூக்கி ஏற்றினேன். படகுக்காரப் பையன் சும்மா இருக்கவில்லை.

“இன்னா அத்தை, பறி இல்லாம வர்றே? மூஞ்சியே வேற மாதிரி கீது.”

“உன் கல்யாண விருந்துக்குப் பல்லு வேணும்னு பத்திரமா வெச்சிகினு கீறேன்டா,” என்றாள் முனியம்மா. உடம்பு கொதித்தது, வாய் மட்டும் கொதிக்கவில்லை. எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

பழவேற்காட்டில் இறங்கி, மீன் மார்க்கெட்டைத் தாண்டி பஸ் நிற்கிற இடம் வரை பத்து நிமிஷ நடை. முனியம்மாவுக்கு அது இருபத்தைந்து நிமிஷம் ஆனது. பொன்னேரி பஸ்ஸில் பொம்பளைகளுக்கு டிக்கெட் காசு இல்லை. பொன்னேரி வரை பதினெட்டு கிலோமீட்டர் சொச்சம். நாங்கள் நடுவிலேயே இறங்கிவிட்டோம், அங்கே ஒரு ஆரம்ப சுகாதார நிலையம் இருக்கிறது. ஊர்ப் பேர் எழுதவில்லை, அந்த டாக்டரம்மாவுக்குத் தொந்தரவு வேண்டாம். வலது பக்கம் ஜன்னல் சீட்டாகப் பிடியுங்கள். காலையில் இடது பக்கம் வெயில் அடிக்கும்.

எட்டே முக்காலுக்குச் சீட்டு வாங்கினோம். காய்ச்சல் வரிசை தனியாக இருந்தது. மேசைக்கு அந்தப் பக்கம் சின்ன வயசு டாக்டரம்மா. வேலைக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லையாம், சேலத்துப் பக்கமாம். பக்கத்தில் நர்ஸம்மா ஒரு போனைப் பார்த்துப் பார்த்துக் கேள்வி கேட்டார். மழைக்காலக் காய்ச்சலுக்கு என்னென்ன கேட்க வேண்டும் என்று மேலிடத்திலிருந்து எல்லாச் சுகாதார நிலையத்துக்கும் புதிதாகத் தகவல் வந்திருந்ததாம். எலிக்காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு.

“வெள்ளத் தண்ணியில நின்னீங்களா?”

“இல்லமா,” என்றாள் முனியம்மா.

“வயல்ல வேலை? சாக்கடை? மாட்டுக் கொட்டாய்?”

“அந்த வேலை எல்லாம் எங்களுக்கு இல்லமா.”

எல்லாம் நிஜம்தான். எங்களுக்கு வயல் ஏது, மாடு ஏது? அந்தக் கேள்விகளில் ஏரியே இல்லை. நர்ஸம்மா அடுத்த ஆளைக் கூப்பிடப் போனார். டாக்டரம்மா மட்டும் முனியம்மாவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். இறால் கொம்பு கிழித்த கீறல், ஊறி வெளுத்த விரல்.

“ஏரியில இறங்குவீங்களா?”

“இல்ல டாக்டரம்மா. பாத்திரம் தேய்ச்ச கை,” என்றாள் முனியம்மா.

“இல்லன்னா இது சாதாரணக் காய்ச்சலா இருக்கலாம். மாத்திரை தர்றேன், மூணு நாள் பாருங்க. எதையாவது மறைச்சிருந்தீங்கன்னா மூணு நாள் ரொம்ப லேட்டு. ஒண்ணுக்குச் சரியாப் போகுதா?”

முனியம்மா மாத்திரைக்குக் கையை நீட்டினாள். முந்தின நாள் மத்தியானத்திலிருந்து போகவே இல்லை. அது எனக்குத் தெரியும்.

ஒரு பக்கம் சூடம் அணைத்த கை, இன்னொரு பக்கம் இவள். நான் சத்தியத்தை மீறிச் சொன்னாலும் முனியம்மா ‘அண்ணி பொய் சொல்லுது’ என்று சாதித்துவிடுவாள். அவ்வளவு வீம்பு. நான் அவளைப் பார்க்காமல் டாக்டரம்மாவைப் பார்த்துச் சொன்னேன்:

“இவ எங்க ஏரியில இறங்கப் போறா டாக்டரம்மா? இவளுக்குத் தடவவே தெரியாது. கரையில நின்னு நாங்க புடிக்கிறத வேடிக்கை பார்ப்பா.”

முனியம்மா தலையைத் தூக்கினாள். “யாருக்கு? யாருக்குத் தடவத் தெரியாது?”

“உனக்குத்தான்.”

“காய்ச்சல் வர்ற அன்னிக்கு யார் பறி முதல்ல ரொம்பிச்சு? நீ பாதிப் பறியோட கரையேறுனியே, மறந்துட்டியா? இடுப்பு மரத்துப் போற வரைக்கும் தண்ணியில நின்னவ நான்! என்னையப் போயி...”

அதோடு வாயைப் பொத்திக்கொண்டாள். பின்னால் வரிசையில் நின்ற பெரியவர் ஒருவர் சிரித்தார்.

சத்தியத்தை உடைத்தது அவள் வாய், உடைக்க வைத்தவள் நான். பழி என்னுடையது. ஒன்றுக்குப் போகாததையும் சேர்த்து நானே சொன்னேன். அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. ரத்தம் எடுத்தார்கள், ஊசி போட்டார்கள், 108 ஆம்புலன்ஸ் வந்தது. டாக்டரம்மா பெரிய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, ‘நாள் முழுக்கத் தண்ணியில நிக்கிறவங்க, எலிக்காய்ச்சல்னு நினைச்சே ஆரம்பிச்சிடுங்க’ என்று சொன்னது என் காதில் விழுந்தது. 108-க்குக் காசு இல்லை. கூட ஒரு ஆள்தான் ஏறலாம்.

ஏறுவதற்கு முன் டாக்டரம்மாவிடம் ஒன்று கேட்டேன். “நீங்க மேல எழுதி அனுப்புவீங்க. ஏரி அழுக்குன்னு எழுதுனீங்கன்னா எங்க அடுப்பு எரியாது. இந்த இறாலைத் தின்னவங்களுக்குக் காய்ச்சல் வருமா? அதச் சொல்லுங்க.”

அவர் கோபப்படவில்லை. இந்தக் காய்ச்சல் சமைத்த இறாலால் வராது என்றார். மழையில் எலி மூத்திரம் கலந்த வெள்ளம் ஆற்றோடும் கால்வாயோடும் வந்து விழுகிறது, ஏரியில் உப்புக் குறைகிறது, அப்போது கிருமி கை கால் கீறல் வழியாக உடம்புக்குள் போகிறது. ஆபத்து தண்ணீரில் நிற்கிறவர்களுக்கு, தின்கிறவர்களுக்கு இல்லை. “அதையே இந்தப் போன்ல பதியுற மாதிரி பேசுங்க,” என்று நீட்டினேன். பேசினார். பெயரையும் சொன்னார், வேலையையும் சொன்னார். கேட்கிற கேள்விகளில் ஏரியையும் சேர்க்கச் சொல்லி எழுதுவதாகச் சொன்னார். கையுறை போட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். கையுறையோடு இறால் தடவுவது மூக்கை மூடிக்கொண்டு பூ வாங்குவது மாதிரி என்றேன். சிரித்துவிட்டு, கீறலை மூடிக்கொள்ளவாவது செய்யுங்கள், மழைக்காலத்தில் தடுப்பு மாத்திரை யாருக்குத் தேவை என்று நானே வந்து பார்க்கிறேன் என்றார்.

முனியம்மா பிழைத்தாள். இன்னும் ஒரு நாள் விட்டிருந்தால் கிட்னி போயிருக்கும் என்று பெரிய ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். பத்து நாள் கழித்து அதே படகில் திரும்பினோம். கரையில் எல்லோரும் இருந்தார்கள், வியாபாரியும் தராசோடு இருந்தான். செய்தி எங்களுக்கு முன்னாலேயே வந்து சேர்ந்திருந்தது.

எங்கள் ஓரகத்தி வழிச் சொந்தக்காரி ஒருத்திதான் முதலில் கேட்டாள். “இன்னாக்கா, சூடம் அணைச்ச கைதானே அது?”

“அதே கைதான். அணைச்சது நம்ம வயித்துக்காக. இவளப் பொதைச்சிட்டு எந்த வயித்த ரொப்பப் போறே?”

வியாபாரி தொண்டையைக் கனைத்தான். “எனக்கு ஒண்ணும் இல்லமா. வாங்குறவன் கேப்பான்ல, காய்ச்சல் இறாலான்னு.”

போனை எடுத்துச் சத்தம் முழுக்க வைத்தேன். டாக்டரம்மாவின் குரல் கரை பூராவும் கேட்டது. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து போட்டேன். மூன்றாம் தரம் போடப் போனபோது அவனே கையெடுத்துக் கும்பிட்டான். “கம்முனு இரு தாயி, எனக்கும் அனுப்பு. கேக்குறவனுக்குப் போட்டுக் காட்றேன்.” அன்றைக்கு விலை குறையவில்லை. நாளைக்குக் குறைத்தால் நாளைக்குப் பார்த்துக்கொள்கிறேன். போனில் சார்ஜ் இருக்கிறது.

அன்று சாயங்காலம் மறுபடி சூடம் ஏற்றினோம். காய்ச்சல் வந்தால் டாக்டரிடம் முதல் வார்த்தையே ஏரி. முதலில் அணைத்தது முனியம்மாவின் கை. ஊசி குத்திய தழும்போடு.

இனி வழி. காய்ச்சலோடு கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, ஒன்றுக்குக் குறைவது என்று இருந்தால் பொதுப் படகுக்குக் காத்திருக்காதீர்கள். படகுக்காரப் பையன் காசு கேட்டால் முனியம்மாவின் அண்ணி அனுப்பினாள் என்று சொல்லுங்கள், திட்டிக்கொண்டே ஏற்றுவான். மாற்றுப் புடவை ஒன்று பிளாஸ்டிக் பையில் வேண்டும், படகில் நனையாமல் ஏற முடியாது. கரையிலிருந்து பஸ்ஸுக்கு நோயாளியை நடக்க வைக்காதீர்கள். ஆட்டோ ஐம்பது ரூபாய், நான் மிச்சம் பிடித்தது தப்பு. அவ்வளவு முடியாத ஆள் என்றால் பஸ்ஸும் வேண்டாம், பழவேற்காட்டில் இறங்கியதும் 108-ஐக் கூப்பிடுங்கள்.

எங்கள் பக்கம் புதிதாக வேலைக்கு வருகிற டாக்டர்களுக்கும் நர்ஸம்மாக்களுக்கும் ஒன்று. மேலிடத்திலிருந்து எந்தத் தகவல் வந்தாலும் சரி, ‘அழுக்குத் தண்ணியில நின்னியா’ என்று எங்களிடம் கேட்காதீர்கள். இல்லை என்றுதான் சொல்வோம். எங்கள் ஏரி எங்களுக்கு அழுக்கு இல்லை. கையைத் திருப்பிப் பாருங்கள். பார்த்துவிட்டு, ‘கடைசியா உன் பறி எப்போ ரொம்பிச்சு?’ என்று கேளுங்கள்.

செத்துக்கொண்டிருந்தாலும் எழுந்து உட்கார்ந்து சொல்வோம்.