விடியல் காட்சிக்கு ஒரு சட்டை

செய்தி வந்தபோது காலை பத்தரை மணி இருக்கும். வாடகைக்கு எடுத்திருந்த பள்ளிக்கூடத்தின் கீழ்த்தளத்தில் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. விளக்கு விட்டுவிட்டு எரியும் நடைவழியில் ஒரு பெண் “யாரது?” என்று கேட்டபடி தனியாகப் போகவேண்டும். அதை மூன்றாவது தடவையாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். கேமரா ஓடும்போது யாரும் பேசக்கூடாது, நகரக்கூடாது. அலுவலகத்தில் போனை எடுத்த பெண் படியிறங்கி வந்து, என்னைப் பார்த்துவிட்டு, சுவரோரமாக நின்றுவிட்டாள். அவள் முகத்திலேயே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. நடைவழியில் போனவள் கடைசிவரை நடந்து, கதவைத் திறந்து, அலறி முடித்தாள். “கட்” என்று குரல் வந்த பிறகுதான் எனக்கு மீதியும் தெரிந்தது. மிஸ் வெர்நெல் காலையில் வீட்டில் இறந்துவிட்டார். தங்கை லொரீன்தான் போன் செய்திருக்கிறார்.

எங்கள் கடற்கரை ஊரான வில்மிங்டனுக்குப் படமெடுக்க வருகிற எல்லோருக்கும் வெர்நெல் பேட்ஸ், மிஸ் வெர்நெல்தான். உடை அறையில் தையல் அவர் பொறுப்பு. ஆறு வருடமாக என் மேஜை அவர் மேஜைக்கு அடுத்தது. எனக்குக் கல்லூரியில் சொல்லிக்கொடுத்தது ஷேக்ஸ்பியர் காலத்து உடைகளைப் பற்றி. இங்கே வந்த பிறகு நான் வாங்கியதெல்லாம் சியர்லீடர் பாவாடையும் பள்ளிக்கூடத்து ஜாக்கெட்டும்தான். இந்தக் கடற்கரைக்கு வந்து எடுக்கும் படங்களில் பாதி, பள்ளிப் பிள்ளைகளை ஒருவன் துரத்திக் கொல்லும் திகில் படங்கள். முகமூடி போட்ட ஒருவன், ஆறு பிள்ளைகள், ஒரு ராத்திரி.

மிஸ் வெர்நெல் புகையிலை விளையும் பக்கத்திலிருந்து வந்தவர். பதினெட்டு வயதில் ஒரு சட்டைத் தொழிற்சாலையில் சேர்ந்து, அது மூடும்வரை அங்கேயே இருந்தார். அவ்வளவு காலமும் அவர் தைத்தது காலர் மட்டும். காலர் அவரிடமிருந்து ஒரு தொட்டியில் விழுந்து இன்னொரு மேஜைக்குப் போய்விடும். தான் தைத்த காலர் ஒரு முழுச் சட்டையில் உட்கார்ந்திருப்பதை முதலில் பார்த்தது ஏதோ சவ ஊர்வலத்தில் ஒருவர் கழுத்தில் என்று சொல்லிச் சிரிப்பார். கணவர் லாரி ஓட்டப் போனவர், ஒருநாள் திரும்பி வரவில்லை. “வண்டி மட்டும் வந்துச்சு, கண்ணு” என்பார். 

அந்தத் திகில் படம் எதையும் அவர் முழுதாகப் பார்த்ததில்லை. எடுக்கும் காட்சி தெரிகிற மானிட்டர் பக்கம் போகவேண்டி வந்தால் கண்ணாடியைக் கழற்றிவிட்டுத்தான் போவார். சோளப்பாகில் சிவப்புச் சாயமும் கோகோவும் கலந்து இரத்தம் செய்வது எங்கள் அறையிலேயே நடக்கும். அந்தப் பக்கம் அவர் சாப்பாட்டுத் தட்டு வராது. கொட்டும் மழையிலும் தன் காரில் உட்கார்ந்துதான் பிமென்டோ சீஸ் சாண்ட்விச்சைச் சாப்பிடுவார்.

ஆனால் கதை எப்படிப் போகும் என்பது எங்கள் அறைக்குத்தான் முதலில் தெரியும். ஒரே உடையில் பல பிரதிகள் செய்யவேண்டும். அவற்றை டபுள் என்போம். சுத்தமானது ஒன்று, அழுக்கானது ஒன்று, கிழிந்தது, இரத்தம் பட்டது, மழையில் நனைந்தது. சீக்கிரம் சாகிறவருக்கு இரண்டு போதும். விடியும்வரை ஓடுகிறவருக்குக் குறைந்தது பன்னிரண்டு வேண்டும். முதல் பாகத்தைப் படிக்கும் முன்பே மிஸ் வெர்நெல் சொல்லிவிடுவார்: “கார்டிகன் ஸ்வெட்டர் போட்டவ சாகமாட்டா. அவளுக்கு டஜன் கணக்குல வாங்கிடு. கண்ணாடி போட்ட பையனுக்கு கண்ணாடி ரெண்டு போதும், ஒண்ணு முழுசு, ஒண்ணு உடைஞ்சது.”

நடிகர்களுக்கும் இது தெரியும். கதையின் முடிவை அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. தொடர் என்றால் வாரத்துக்கு ஒரு பாகம்தான் லாஸ் ஏஞ்சல்ஸிலிருந்து எழுதி வரும். அதனால் அளவு பார்க்க வருவதாகச் சொல்லிக்கொண்டு வந்து, உடை மாட்டும் கம்பியில் தன் பெயருக்குக் கீழே எத்தனை தொங்குகிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டுப் போவார்கள். நாங்கள் பார்க்காததுபோல இருந்துவிடுவோம்.

இந்த வருடம் வந்தது தொலைக்காட்சித் தொடர், எட்டுப் பாகம். அதில் குண்டுப் பையன் வேடத்துக்கு ஒஹையோவிலிருந்து கோர்வின் ஸ்டப்ஸ் வந்தான். வயது இருபத்தாறு, நடிப்பது பதினேழு. இதற்கு முன்னால் நான்கு படங்களில் செத்திருந்தான். ஒன்றில் பீட்சாவோடு, ஒன்றில் டோனட்டோடு, ஒன்றில் பாதி ராத்திரியில் ஃபிரிட்ஜைத் திறந்து வைத்துக்கொண்டு. நான்காவதில் அவன் தின்பதைக்கூடக் காட்டவில்லையாம், ஏப்பம் மட்டும் கேட்டதாம். இந்தத் தொடரில் இரண்டாம் பாகத்தின் முடிவில், கையில் பன்றி இறைச்சி சாண்ட்விச்சோடு. உடை தயார் செய்வதற்காக எங்களுக்கு முன்பே சொல்லியிருந்தார்கள், அவனுக்குத் தெரியாது.

முதல் நாள் அளவெடுக்கும்போது அவனே வயிற்றைத் தட்டிக்காட்டி, “டேப் பத்தலன்னா இன்னொண்ணு ஒட்டிக்கோங்க, மிஸ் வெர்நெல்” என்றான். அவர் சிரிக்கவில்லை. கையைத் தூக்கச் சொல்லி அளந்து முடித்துவிட்டு, “அளவு எடுக்குற வேலை என்னோடது. கிண்டல் பண்ற வேலைக்கு இங்க நிறைய பேர் இருக்காங்க, நீ எதுக்கு?” என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு அவன் அடிக்கடி வந்து உட்கார ஆரம்பித்தான். இந்தத் தொடரோடு நிறுத்திக்கொள்வதாக இருந்தான். மாமாவின் டயர் கடையில் வேலை இருக்கிறதாம். அவன் நடித்த எதையும் அவன் அம்மா கடைசிவரை பார்த்ததில்லை, பாதியில் எழுந்து துணி மடிக்கப் போய்விடுவாராம். “ஹீரோ வேஷம் யாருக்கு வேணும்? அந்த விடியிற காட்சி இருக்குல்ல, ஆம்புலன்ஸ் பின்னாடி போர்வையப் போத்திக்கிட்டு உக்காந்திருப்பாங்களே, அதுல ஒரு தடவ உக்காரணும். வசனமே வேணாம்” என்றான்.

மிஸ் வெர்நெல் குனிந்து துணியின் விளிம்பை மடித்துக்கொண்டிருந்தார். வாயில் குண்டூசி இருந்தது.

ஒல்லிப் பெண்களின் உடை கடையில் எத்தனை வேண்டுமானாலும் கிடைக்கும். கோர்வின் அளவில் ஒரே மாதிரி இரண்டு சட்டை கிடைப்பதே கஷ்டம். அதனால் மிஸ் வெர்நெல் சிவப்பும் கறுப்புமாகக் கட்டம் போட்ட ஃபிளானல் துணி வாங்கித் தைத்தார். இரண்டு சட்டை போதும். ஆனால் தொழிற்சாலையில் வெட்டுகிற மேஜையைப் பார்த்துப் பழகிய கை அது. அங்கே யாரும் துணியை ஒற்றையாக வெட்டியதில்லை. மடிப்பை மேலே மேலே போட்டு அடுக்கி, ஒரே வெட்டாக வெட்டித்தான் பழக்கம். பேசிக்கொண்டே வெட்டி முடித்துப் பார்த்தால் ஐந்து சட்டைக்கான துண்டுகள் இருந்தன. வெட்டியதை வீணாக்க மனம் வராமல் ஐந்தையும் தைத்துக் கம்பியில் மாட்டிவிட்டார்.

மறுநாள் மத்தியானத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது, ஸ்டப்ஸுக்கு ஐந்து டபுள் என்று. கால்பந்து வீரனாக நடித்த ட்ரென்ட் கதவருகில் வந்து நின்றான்.

“மிஸ் வெர்நெல், எனக்கு மூணு ஜாக்கெட்தான் தொங்குது. நாலாவது எபிசோடுல எனக்கு என்ன ஆவுது?”

“எனக்கென்ன தெரியும்? கழட்டின ஜாக்கெட்ட தரையில போடாம ஹேங்கர்ல மாட்டு. ஆயுசு தானா கூடும்.”

அவன் போன கொஞ்ச நேரத்தில் கோர்வின் வந்தான். எதுவும் கேட்கவில்லை. கம்பியைப் பார்த்தான், ஒரு சட்டையின் கையைத் தொட்டுப் பார்த்தான். போகும்போது, “எங்கம்மாவுக்கு போன் பண்ணிட்டேன். இந்த தடவ துணி மடிக்கப் போவாதம்மான்னு சொல்லிட்டேன்” என்றான்.

அவன் காலடிச் சத்தம் அடங்கியது. பிறகு நான்தான் மூன்று சட்டையை எடுத்து அலமாரியில் வைத்துவிடலாமா என்று கேட்டேன். அவனே புரிந்துகொள்வான், வாயால் சொல்லவேண்டியிருக்காது என்று நினைத்தேன். மிஸ் வெர்நெல் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஐந்து சட்டையையும் கையில் மாட்டிக்கொண்டு, என்னையும் வரச்சொல்லி, தயாரிப்பாளர் ஹால்ஸ்டெட்டின் அறைக்குப் போனார்.

ஹால்ஸ்டெட் கெட்டவர் இல்லை. எப்போதும் போனில் இருப்பவர், அவ்வளவுதான். சட்டைகளைப் பார்த்துவிட்டு எதற்கு ஐந்து என்று கேட்டார். தப்பாக வெட்டிவிட்டேன் என்று மிஸ் வெர்நெல் உள்ளதைச் சொன்னார். அந்தப் பையன் எண்ணிவிட்டான், அம்மாவிடமும் சொல்லிவிட்டான் என்பதையும் சொன்னார். ஹால்ஸ்டெட் முகத்தைத் தேய்த்துக்கொண்டார்.

“அதுக்கு நான் என்ன பண்றது, மிஸ் வெர்நெல்? ரெண்டாவதுல ஒருத்தன் போயாகணும். ஜனங்க அதத்தான் எதிர்பார்ப்பாங்க.”

“எதிர்பார்க்குறதத்தான் காட்டுவீங்கன்னா அவங்க எதுக்கு முழிச்சிருந்து பாக்கணும், சார்? நீங்க அவனக் கொல்லுங்க, அது உங்க வேலை. தின்னுக்கிட்டிருக்கும்போது கொல்லாதீங்க. அவன மாதிரி புள்ளைங்க அந்தக் காட்சியையும் வீட்டுல தட்டக் கையில வெச்சுக்கிட்டுத்தான் பாத்துக்கிட்டிருக்கும்.”

ஹால்ஸ்டெட் கையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தார்.

“வேற யாரக் கொல்றது?”

“ட்ரென்டுக்கு மூணு ஜாக்கெட்தான் இருக்கு.”

அவர் சிரித்துவிட்டார். சிரித்துக்கொண்டேதான் லாஸ் ஏஞ்சல்ஸுக்குப் போன் போட்டார். அங்கே எழுதுகிறவர்களுக்கும் அந்தச் சாண்ட்விச் சலித்துப் போயிருந்ததோ என்னவோ, அடுத்து வந்த தாள்களில் அது இல்லை, இரண்டாம் பாகத்தில் போனது வேறொருவன். கோர்வினின் சாவு மூன்றாம் பாகத்துக்குத் தள்ளிப்போயிருந்தது.

அங்கேதான் மிஸ் வெர்நெலின் இன்னொரு வேலை ஆரம்பித்தது. வாரக் கடைசியில் மிச்சத் துணியை வீட்டுக்கு எடுத்துப் போவார். திங்கட்கிழமை கம்பியில் புதிதாக ஒரு சுத்தமான சட்டை தொங்கும். யாரும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. ஹால்ஸ்டெட் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் எட்டிப்பார்த்து, “இன்னும் ஒண்ணு இருக்கா?” என்பார். “இருக்கு, சார்” என்பார் இவர். கோர்வினின் சாவு இன்னொரு பாகம் தள்ளிப்போகும். நான்காம் பாகத்தில் ட்ரென்ட் செத்தான். நீச்சல் குளத்தில், ஜாக்கெட்டோடு. ஐந்தாம் பாகத்தில் கோர்வினுக்கு நகைச்சுவையே இல்லாத ஒரு காட்சி வந்தது. கார்டிகன் போட்ட பெண்ணோடு கதவுக்குப் பின்னால் ஒளிந்தபடி, எனக்குப் பயமாக இருக்கிறது என்று சொல்லவேண்டும். மிஸ் வெர்நெல் அன்று மானிட்டர் பக்கம் போனார். கண்ணாடியைக் கழற்றவில்லை.

முதலிலிருந்தே கதை இப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது என்று கோர்வின் நினைத்துக்கொண்டிருக்கிறான். அவனிடம் சொல்லக்கூடாது என்று மிஸ் வெர்நெல் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். “எவளோ கிழவி தப்பா வெட்டினதால பொழைச்சேன்னு ஒருத்தன் நெனைக்கணுமா? நடிச்சுப் பொழைச்சதாவே இருக்கட்டும்.”

மிஸ் வெர்நெலுக்கு நெஞ்சுவலி போன மாதமே இருந்திருக்கிறது. எங்களிடம் புளித்த ஏப்பம் என்றார். சனிக்கிழமை துணியை எடுத்துக்கொண்டு கிளம்பியபோது, திங்கட்கிழமை கொஞ்சம் தாமதமாக வருவேன், சர்ச்சில் வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்று செய்தி தெரிந்த பிறகும் படப்பிடிப்பை நிறுத்தவில்லை. பள்ளிக்கூடம் கிடைப்பது இந்த வாரம் மட்டும்தான். ஒரு நிமிடம் எல்லோரும் தலை குனிந்து நின்றோம். இரத்தம் பூசிய பிள்ளைகளும் முகமூடிக்காரனும் நின்றார்கள். அவன் முகமூடியைக் கழற்றி மார்போடு வைத்துக்கொண்டிருந்தான். கோர்வின் அழுத அழுகையில் மேக்கப்பை மறுபடி போடவேண்டி வந்தது.

மத்தியானம் கடைசிப் பாகம் வந்தது. எல்லோருக்கும் தருவதற்கு முன்னால் ஹால்ஸ்டெட் ஒரே ஒரு தாளைக் கொண்டுவந்து மிஸ் வெர்நெலின் மேஜைமேல் வைத்துவிட்டுப் போனார். விடியற்காலை, ஆம்புலன்ஸின் பின்கதவு, ஒரே போர்வைக்குள் இரண்டு பேர். ஒருத்தி கார்டிகன் பெண். இன்னொருவன் பெயரை நான் இரண்டு தடவை படித்தேன்.

சாயங்காலம் லொரீன் வீட்டுக்குப் போனேன். வீடு நிறைய சர்ச் ஆட்கள், மேஜை நிறையப் பொரித்த கோழியும் உருளைக்கிழங்கு சாலடும். தையல் மெஷின் பக்கத்து நாற்காலியில் மட்டும் யாரும் உட்காரவில்லை. லொரீன் மெஷின்மேல் கிடந்த கட்டம் போட்ட சட்டையை மடித்து ஒரு காகிதப் பையில் போட்டுத் தந்தார். “இது ஒங்க கம்பெனியோடதுன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. எந்தப் பையனுக்கும்மா இது?” என்று கேட்டார். சொன்னேன். அவரிடம் முழுதையும் சொல்லலாம் என்று தோன்றியது.

சட்டை இப்போது என் மேஜைமேல் விரித்தபடி இருக்கிறது. காலர் தைத்தாகிவிட்டது. காலர் எப்போதும் அவர் முதலில் தைப்பார். பொத்தான்கள் இருக்கின்றன. வலது கையும் ஏறிவிட்டது. விடியல் காட்சியை வியாழக்கிழமை எடுக்கிறார்கள். இடது கை, தோளில் கட்டத்தோடு கட்டம் சேரும்படி குண்டூசி குத்தி வைத்திருக்கிறது, இன்னும் தைக்கவில்லை.