சீட்டித் திரைக்கு வெளியே ஒரு கடல்

செஞ்சிக் கடைத்தெருவில் என் கணவருக்கு ஜவுளிக்கடை. அறுபதுகளின் நடுவில் அவர் சைடுகார் வைத்த பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றை வாங்கி, பெண்டாட்டிக்கு மலையும் கடலும் காட்டப் போவதாக ஊரெல்லாம் சொன்னார். ஆனால் வண்டியில் போகும் பெண்டாட்டியை ஊர் பார்த்துவிடக் கூடாதாம். தினமும் மத்தியானம் சோற்றுத் தூக்கோடு அதே கடைத்தெருவில் நான் நடந்து போவது கணக்கில் வரவில்லை. விலைபோகாமல் கிடந்த சீட்டித் துணியை எடுத்து, சைடுகாரைச் சுற்றித் திரை தைத்துப் போட்டார். மஞ்சளில் சிவப்புப் பூ.

கோட்டை மலையடியில் பிறந்து வளர்ந்த என்னை, மலை காட்ட ஜவ்வாது மலைக்குக் கொண்டுபோனார். வளைவுக்கு வளைவு "இன்னா அழகு" என்று ரசித்தபடி ஓட்டினார். நான் திரையை விலக்கினால், "தூசி அடிக்குது, மூடு" என்பார்.

அடுத்த வாரம் மரக்காணம். கடற்கரையில் வண்டியைச் சுற்றிக் கூட்டம் கூடிவிட்டது. "ஆம்பளைங்க நிக்கிறாங்க, எறங்காத" என்று சொல்லிவிட்டு, தான் மட்டும் போய்க் கால் நனைத்தார். திரும்பி வந்து திரைக்கு வெளியே நின்று, "தண்ணி நெறைய இருக்குது" என்று தகவல் சொன்னார்.

மறுநாள் சோறு கொண்டுபோனபோது, கடையில் துணி பார்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மாள் என்னைக் கேட்டாள்: "கடல் எப்படிம்மா இருந்துச்சி?"

"மஞ்சள்ல செவப்புப் பூ போட்டிருந்துச்சி" என்றேன்.

அவருக்கு உறைக்கும் என்று நினைத்தேன். அவரோ முகம் மலர்ந்து அந்த அம்மாள் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா, உப்புக் காத்துல போயும் சாயம் போவல. எத்தினி கெஜம் கிழிக்கட்டும்?"