உங்கை மழையோ?

வானிலை அறிக்கை வாசிப்பவர்களோடு எனக்குப் பல வருடப் பகை. தொலைக்காட்சியில் அந்தப் பிள்ளை சிரித்த முகத்தோடு, வட மாகாணத்தில் பிற்பகல் இரண்டு மணிக்குப் பின்னர் மழை பெய்யலாம் என்று சொன்னால், நான் உடனே எழும்பிப் போய் உடுப்புத் தோய்ப்பேன். நல்ல வெயில் என்று சொன்னால் முற்றத்தில் காயும் மிளகாயை அள்ளி உள்ளே வைப்பேன். பெரும்பாலும் நான்தான் வெல்வேன்.

என் கணவருக்குக் கிரிக்கெட்டோடு கரைச்சல். தான் பார்த்தால் இலங்கை தோற்கும் என்று உறுதியாக நம்புகிறவர். இரண்டு விக்கெட் விழுந்தால் போதும், எழும்பிப் போய்க் கிணற்றடியில் நின்றுகொண்டு, "இஞ்சாரும், இப்ப என்ன மாதிரி?" என்று கத்துவார். செய்திக்கு மட்டும் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பதில்: "உது நடக்காது." புது வீதியா, புது வேலைவாய்ப்பா, எதுவாக இருந்தாலும் "உது நடக்காது" என்று சொல்லிவிட்டுத் தேத்தண்ணியைக் குடிப்போம். நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்குக் கப்பல் விடப்போகிறார்கள் என்று செய்தி வந்த அன்றும் அப்படித்தான் சொன்னோம். ஆனால் கப்பல் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு எனக்கு ஒரே ஒரு நினைப்புத்தான். அந்தக் கப்பலில் என் அக்கா வரவேண்டும்.

ஊர் கலங்கிய நாட்களில் அக்கா கைக்குழந்தையோடு வள்ளம் ஏறி இந்தியாவுக்குப் போனவர். முகாம், பிறகு திருச்சியில் ஒரு வாடகை வீடு, மகளின் கல்யாணம், பேரப்பிள்ளைகள் என்று முப்பது வருடத்துக்கு மேல் ஓடிவிட்டது. அங்கே கடைக்குப் போனால் "வர்றேங்க" என்பார். என்னோடு கதைத்தால் மட்டும் "வாறன்". ஒவ்வொரு ஞாயிறும் அழைப்பார். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

"உங்கை மழையோ?"

உங்கை என்றால் கேட்கிறவர் இருக்கிற இடமும் இல்லை, தூரத்து அங்கையும் இல்லை. மறுபக்கத்தில் போனைப் பிடித்திருப்பவர் நிற்கிற இடம். அக்காவின் மகளுக்கு இந்தச் சொல் பெரிய பகிடி. "அம்மா, அது என்னம்மா உங்கை?" என்று பின்னால் நின்று சிரிப்பது எனக்கும் கேட்கும்.

மழைக்குப் பிறகு கிரிக்கெட், அதற்குப் பிறகு செய்தி. இவ்வளவுதான் எங்கள் கதை. இந்தியாவும் இலங்கையும் ஆடினால் அக்கா யார் பக்கம் என்று என் கணவர் ஒவ்வொரு தடவையும் கேட்பார். "இரண்டாவதாக மட்டை பிடிக்கிற ஆக்கள் பக்கம்" என்று அக்கா நழுவிவிடுவார்.

கப்பல் வந்த பிறகு அக்கா கடவுச்சீட்டு எடுத்தார். பயணத்துக்குப் பதிந்தார். புறப்பட மூன்று நாள் இருக்கும்போது, "காற்றழுத்தத் தாழ்வாம்" என்று சொல்லி நிறுத்திவிட்டார். எங்கள் தொலைக்காட்சியில் அதற்குத் தாழமுக்கம் என்று பெயர். எந்தப் பெயரில் வந்தாலும் அது எங்கள் ஊர் சாவகச்சேரிக்கு வரவில்லை, கப்பலும் நேரத்துக்கு வந்து போனது. அடுத்த தடவையும் அதே கதை. எனக்குப் பொல்லாத கோபம். இவவுக்கு எங்களைப் பார்க்க விருப்பம் இல்லை, மழையைச் சாட்டுகிறா என்று கணவரிடம் புறுபுறுத்தேன். அவர் கிணற்றடிக்குப் போய்விட்டார்.

மூன்றாவது தடவை பங்குனி மாதம். கடல் குளம்போலக் கிடக்கிற காலம். பயணத்துக்கு இரண்டு நாள் முன்னம் போன் அடித்தது.

"பிள்ளை, உங்கை மழை வருமாம். நியூசிலை சொல்லுறாங்கள்."

"பங்குனியிலை என்ன மழை அக்கா? இஞ்சை வெயில் கொளுத்துது. மிளகாய் காயுது. படம் எடுத்து அனுப்பட்டோ?"

"இல்லையடி. இடியும் இருக்காம்."

"இடி இருந்தால் என்ன? உங்களை என்ன மாவாலையோ செய்திருக்கு, கரையிறதுக்கு?"

அக்கா குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"மழை மட்டும்தானே?"

எனக்கு விசர் பிடித்ததுபோல ஆகிவிட்டது. எப்படி மறந்தேன்? சண்டைக் காலத்தில் நான் அக்காவுக்குப் பேசுவதென்றால் கொமினிகேசன் என்கிற தொலைபேசிக் கடையில் வரிசையில் நிற்கவேண்டும். பின்னால் நாலு பேர் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார்கள். ஷெல் விழுகிறது என்று வாயால் சொல்லப் பயம். அதனால் அக்காதான் அந்தச் சொல்லைக் கண்டுபிடித்தார். உங்கை மழையோ? நான் சொல்வேன், தூறல்தான் அக்கா. இல்லாவிட்டால், இடியோடை பெய்யுது அக்கா. சண்டை முடிந்த பிறகு என் வாயில் மழை திரும்பவும் மழையாகிவிட்டது. கொடியில் உடுப்பு, முற்றத்தில் மிளகாய், அவ்வளவுதான். அக்காவுக்கு அது அப்படி ஆகவில்லை. ஆகியிருக்கவும் முடியாது, அவர் வந்து நனையவில்லையே.

"மழை மட்டும்தான் அக்கா," என்றேன். "வெறும் தண்ணி. நனைஞ்சால் துவட்டலாம். வாங்கோ."

"கிரிக்கெட் மச் என்ன மாதிரிப் போகுது?" என்று மட்டும் கேட்டுவிட்டு அக்கா போனை வைத்துவிட்டார்.

கப்பல் வருகிற நாள் காலையில் அக்காவின் மகளிடமிருந்து ஒரு வரி மட்டும் வந்தது: அம்மா ஏறிட்டாங்க. அன்று இலங்கைக்கு ஆட்டம் இருந்தது. என் கணவர் தொலைக்காட்சியைத் திரும்பியும் பார்க்காமல் வாடகைக்கு ஒரு வான் பிடித்துக்கொண்டு என்னோடு வந்தார். வாழ்நாளில் முதல் தடவை.

காங்கேசன்துறையில் துறைமுக வாசலுக்கு வெளியே நின்றோம். பத்து மணிவரை நெருப்பு வெயில். பதினொன்றுக்கு வடக்கே கறுத்தது. "உது பெய்யாது," என்றேன். அரை மணித்தியாலத்தில் கொட்டத் தொடங்கியது. முப்பது வருடம் பொய் சொன்ன வானிலைக்காரர், அந்த ஒரு நாள் பார்த்து உண்மை சொல்லியிருக்கிறார்! வாய்க்கு வந்தபடி பேசினேன். என் கணவர் கைபேசியைப் பார்த்துவிட்டு, "எங்கடை ஆக்கள் வெல்லுறாங்கள் போல கிடக்கு" என்று மெதுவாகச் சொன்னார். அவர் ஆட்டத்தைப் பார்க்கவில்லைத்தானே.

ஒன்றரை மணியளவில் ஆட்கள் வெளியே வரத் தொடங்கினார்கள். அக்கா கடைசியில் வந்தார். போனில் கேட்ட குரலைவிட ஆள் சின்னதாக இருந்தார். கூரை முடிகிற இடத்தில் நின்றுவிட்டார். அந்த நேரம் பார்த்து வானம் பெரிதாக ஒரு தரம் முழங்கியது. அக்காவின் தோள் குறுகியது. கண்ணை இறுக மூடிக்கொண்டார். நான் குடையை விரித்துக்கொண்டு ஓடப்போனேன். என் கணவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

அக்கா கண்ணைத் திறந்து, ஒரு கையை மழைக்குள் நீட்டினார். கையைத் திருப்பிப் பார்த்தார். பிறகு பையை இழுத்துக்கொண்டு நனைந்தபடி எங்களை நோக்கி நடந்து வந்தார். நான் கட்டிப்பிடித்துக்கொண்டு சத்தமாக அழுதேன். அவர் அழவில்லை. "நல்லாத்தான் பெய்யுது," என்றார்.

அவரது பைக்குள் கைபேசி அடித்தது. திருச்சியிலிருந்து மகள்.

"ஓமடி, வந்திட்டன். சித்தி பக்கத்திலை நிக்கிறா. இஞ்சை சரியான மழை. இல்லையடி, மழை மட்டும்தான்." முகத்தில் வழிந்த தண்ணீரைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு அக்கா கேட்டார்: "உங்கை மழையோ?"