காயாத செங்கல் பாதை

வாசலுக்கு மஞ்சள் தண்ணீர் தெளித்ததற்காக யாராவது மன்னிப்புக் கேட்டுக் கேள்விப்பட்டிருக்கிறீர்களா? நான் கேட்டேன். இரண்டு வாரத்துக்கு முந்தைய வெள்ளிக்கிழமை காலை, வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு கேற்றடியில், கொட்டாஞ்சேனையிலிருந்து வந்திருந்த நிஸாம் நானா என்ற மேசனிடம்.

அவர் குனிந்து பார்த்தார். விரலால் தடவிப் பார்த்தார். முந்தின நாள் மத்தியானம்தான் கேற்றிலிருந்து வாசல் வரையுள்ள எங்கள் செங்கல் பாதைக்கு சீலர் பூசி முடித்திருந்தார். கல்லுக்குள் தண்ணீர் இறங்காமல், பாசி பிடிக்காமல் இருப்பதற்காகப் பூசுவது. பூசினால் நிறம் தெரியாது என்று சொல்லியிருந்தார். இப்போது நன்றாகவே தெரிந்தது... நடுப்பகுதி முழுக்கப் பால் கொட்டிக் காய்ந்த மாதிரி வெள்ளைத் திட்டு, அதன் மேல் அங்கங்கே மஞ்சள்.

"டீச்சர், ரெண்டு நாளைக்கு ஒரு சொட்டுத் தண்ணி படப்படாதுண்டு சொன்னேனே" என்றார்.

சொன்னார்தான். மூன்று தரம் சொன்னார். நானும் மூன்று தரம் தலையாட்டினேன். ஆனால் வெள்ளிக்கிழமை விடிந்ததும் குளித்துவிட்டு, செம்பில் மஞ்சளைக் கரைத்து, கதவைத் திறந்து, கேற் வரை தெளித்துக்கொண்டு போய்விட்டேன். முப்பத்தெட்டு வருடமாகச் செய்கிற வேலை. அதற்கு என் மூளை தேவையில்லை, கை தானாகவே செய்துவிடும். திரும்பி வரும்போதுதான் செருப்பின் அடியில் ஏதோ ஒட்டியது.

ஒரு பாதைக்கு ஏன் இவ்வளவு பாடு என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

என் கணவருக்குக் கை நடுங்கத் தொடங்கி இரண்டு வருடமாகிறது. பிறகு காலும் சேர்ந்துகொண்டது. மருந்து இருக்கிறது, நடுக்கமும் இருக்கிறது. இதை நான் பத்திரிகைக்கு எழுதும் இந்தப் பத்தியில் இதுவரை எழுதவில்லை, எழுத மனம் வரவில்லை. டொக்டர் சொன்னது ஒன்றுதான்: நடக்க வேண்டும், நடப்பதை விட்டால் திரும்ப வராது. அதனால் பின்னேரம் ஐந்து மணிக்கு இவர் ஊன்றி நடக்கிற பொல்லை எடுத்துக்கொண்டு, வீட்டுக்கு முன்னாலுள்ள ஒடுக்கமான ஒழுங்கை வழியாக மரைன் டிரைவ் வரை போய், கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவார். தனியாகத்தான் போவார். கூட வருகிறேன் என்றால் முகம் மாறிவிடும்.

போய்வர முப்பது நிமிடம், சில நாட்களில் நாற்பது. அந்த முப்பது நிமிடமும் நான் கதவடியில் நிற்பேன். மணிக்கூட்டைப் பார்ப்பேன், கேற்றைப் பார்ப்பேன், திரும்பவும் மணிக்கூட்டைப் பார்ப்பேன். ஒழுங்கையில் திரீவீலர் ஒன்று பிரேக் அடித்தால் கேற்றடிக்கு ஓடுவேன். படிப்பித்த காலத்தில் நாற்பது பிள்ளைகளை ஒரே நேரத்தில் பார்த்துக்கொண்டவள்... இப்போது ஒரு மனிதரைப் பார்த்துக்கொள்வதில் களைத்துப்போய்விடுகிறேன்.

போன மாதம் அவர் விழுந்தார். ஒழுங்கையிலோ ரோட்டிலோ அல்ல, எங்கள் சொந்தப் பாதையில், கேற்றுக்கு நாலடி இந்தப் பக்கம். பச்சைப் பாசியில் பொல்லு வழுக்கி, அப்படியே உட்கார்ந்துவிட்டார். எலும்பு ஒன்றும் உடையவில்லை, முழங்கை மட்டும் உரசியிருந்தது. ஆனால் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது. இன்னமும் கேட்கிறது.

மெல்பேணிலிருந்து மகள் வட்ஸ்அப்பில் வந்தாள். "அம்மா, உந்தக் கல்லெல்லாத்தையும் கிளப்பி எறிஞ்சுபோட்டு டைல்ஸ் போடுங்கோவன்" என்றாள். மழை பெய்தால் டைல்ஸில் நானே வழுக்கி விழுவேன். அதைச் சொன்னால், "அப்ப அப்பாவை வெளியில விடாதேங்கோ" என்றாள். அவளுக்கு எல்லாமே சுலபம்.

அப்படித்தான் நிஸாம் நானா வந்தார். வந்தவரிடம் நான் முதலில் பக்கத்துத் தொடர்மாடியைக் காட்டினேன். எட்டு மாடி. அது எழும்பிய பிறகு எங்கள் முற்றத்தில் வெயில் விழுவதே இல்லை. பாசிக்கு அவர்கள்தான் காரணம் என்று ஒரு சின்னச் சொற்பொழிவே நடத்தினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு பாதையின் ஓரத்தைக் காட்டினார்.

"அந்த பில்டிங்கும் ஒரு காரணம்தான் டீச்சர். ஆனா பாருங்க, ஓரத்துல பாசி இல்ல. நடுவுலதான் ஈக்கிது. நெழல் எல்லா எடத்துலயும் ஒண்டுதானே. இதுல யாரு ஒவ்வொரு நாளும் தண்ணி ஊத்துற?"

நான் சொல்லத் தேவையிருக்கவில்லை. வாசல் கதவடியில் செம்பு கவிழ்த்து வைத்திருந்தது.

வெயில் இருந்த காலத்தில் ஒன்பது மணிக்கே ஈரம் காய்ந்துவிடும். வெயில் போனதை நான் கவனித்தேன், எல்லோரிடமும் முறையிட்டேன். தண்ணீரை மட்டும் நிறுத்தவில்லை. இவர் விழுந்த பாசியை ஒவ்வொரு நாளும் விடியற்காலையில் குளித்து முழுகி, திருநீறு பூசி, நான்தான் வளர்த்திருக்கிறேன். அன்றைக்கு முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

நிஸாம் நானா பதறாமல் வேலை செய்கிறவர். தகட்டால் பாசியைச் சுரண்டி எடுத்தார். பிளீச்சிங் பவுடர் கரைத்த தண்ணீரை ஊற்றி, ஊறவிட்டு, கட்டைப் பிரஷால் தேய்த்தார். தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிற மெஷின் வேண்டாமா என்று கேட்டேன். பழைய செங்கல் அதற்குத் தாங்காதாம், மேல்தோல் உரிந்துவிடுமாம். கழுவிவிட்டு மூன்று நாள் காயவிட்டார். இடுக்குகளில் புது மணல் நிரப்பினார். கடையில் மினுமினுப்பாக ஒரு சீலர் காட்டினார்களாம், அவர் எடுக்கவில்லை. "அது பாக்க வடிவு. மழைக்கு ஐயா திரும்பவும் வழுக்கிடுவாரு" என்றார். இவ்வளவு யோசித்துச் செய்த மனிதரின் வேலையைத்தான் நான் ஒரு செம்புத் தண்ணீரில் கெடுத்து வைத்தேன்.

அவர் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "பரவால்ல, வாசலுக்கு நல்லதுண்டுதானே செஞ்சீங்க" என்று சொல்லிவிட்டு, சீலரைக் கரைத்தெடுக்கிற தின்னர் வாங்கப் போனார். பூசியதை எல்லாம் தேய்த்து எடுத்து, திரும்பக் காயவிட்டு, அந்த ஞாயிற்றுக்கிழமையே இரண்டாம் முறை பூசினார். போகும்போது, செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஐயா நடக்கலாம் என்றார். செம்பை நான் அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன்.

இதுவரை சொன்னது என் மறதி. இனிச் சொல்லப்போவது மறதி இல்லை.

பாதை மூடியிருந்த நாட்களில் மதிலோரமாக ஒரு சாண் அகலச் சீமெந்து விளிம்பில்தான் நான் போய் வந்தேன். பொல்லோடு இவரால் அதில் போக முடியாது. அதனால் அவர் வீட்டுக்குள்ளேயே, விறாந்தையில் மேலும் கீழும் நடந்தார். ஐந்து மணிக்கு நான் கதவடியில் நிற்கத் தேவையில்லை. மணிக்கூட்டைப் பார்க்கத் தேவையில்லை. ஒரு நாள் பிரம்புக் கதிரையில் சாய்ந்தேன்... அப்படியே நித்திரையாகிவிட்டேன். எத்தனை மாதத்துக்குப் பிறகு!

செவ்வாய்க்கிழமை ஐந்து மணிக்கு இவர் பொல்லோடு வந்து கேட்டார். "காஞ்சிட்டுதோ?"

கல்லைத் தொட்டுப் பார்த்தேன். நன்றாகக் காய்ந்திருந்தது.

"இன்னும் இல்லை. காத்தில ஈரம்" என்றேன்.

பொல்லைச் சுவரில் சாத்திவிட்டு உள்ளே போனார். புதன்கிழமையும் கேட்டார், அதே பதில். வியாழன் கேட்டார். வெள்ளி கேட்டார். ஒவ்வொரு நாளும் நான் குனிந்து தொட்டுப் பார்த்து, தலையை ஆட்டி, மனச்சாட்சி இல்லாமல் நடித்தேன். நடப்பதை விட்டால் திரும்ப வராது என்று டொக்டர் சொன்னது எனக்கு நினைவில் இருந்தது. இருந்தும் நடித்தேன். பிறகு கதிரையில் சாய்ந்து ஒரு மணித்தியாலம் நித்திரை கொண்டேன். வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நித்திரை எவ்வளவு சுகமாக இருந்தது என்பதையும் சொல்லாமல் விட்டால் இது இன்னொரு பொய்யாகிவிடும்.

வீட்டில் ஒரு நோயாளியை வைத்திருக்கும் வாசகர்களுக்கு நான் சொல்வது விளங்கும். நாம் அவர்களைப் பாதுகாக்கிறோம் என்றுதான் கதவைச் சாத்துகிறோம். அதில் எத்தனை பங்கு அவர்களுக்காக, எத்தனை பங்கு நமக்காக?

சனிக்கிழமை காலை நிஸாம் நானா ஃபோன் எடுத்தார். "டீச்சர், ஐயா நடக்கிறாரா? வழுக்கல்லதானே?" என்று கேட்டார். இரண்டு தரம் குனிந்து வேலை செய்த மனிதர். அவரிடம் என்ன சொல்வது? "இண்டைக்கு நடப்பார் நானா" என்றேன்.

அன்று பின்னேரம் இவர் கேட்கவில்லை. நானாகப் போய், "இஞ்சேருங்கோ, காஞ்சிட்டுது" என்றேன். பொல்லை எடுத்தார். படி இறங்கினார். ஐந்து நிமிடம் முன்பாகத் தூறல் விழுந்து ஓய்ந்திருந்தது, செங்கல்லில் துளிகள் முத்து முத்தாக நின்றன, உள்ளே இறங்கவில்லை. பொல்லு ஊன்றிய இடத்தில் ஊன்றியபடி நின்றது. இருபது அடிப் பாதை. கேற்றைத் திறக்க மட்டும் கொஞ்சம் நேரம் எடுத்தார், நான் போய்த் திறந்துவிடவில்லை.

நாற்பத்தைந்து நிமிடம். நானும் கதவடியில் நின்றேன், மணிக்கூட்டைப் பார்த்தேன், கேற்றைப் பார்த்தேன், எல்லாம் பழையபடி. திரும்பி வந்தபோது வியர்த்திருந்தார். நாலு எட்டுக்கு ஒரு தரம் நின்று நின்றுதான் வந்தார். ஒரு வாரத்துக்கு மேல் வீட்டுக்குள் கிடந்ததன் விலை அது. அவரைப் பார்க்கப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"கல்லு செவ்வாய்க்கிழமையே காஞ்சிட்டுது. நான்தான் பொய் சொன்னனான்" என்றேன்.

சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படியேறி, கதிரையில் இருந்து, மூச்சு வாங்கி முடித்த பிறகுதான் பதில் வந்தது.

"எனக்குத் தெரியும். புதன்கிழமை காலமை நீர் குளிக்கிற நேரம் நானும் தொட்டுப் பாத்தனான். நீர் அந்த நாலு நாளும் பின்னேரத்தில நல்லா நித்திரை கொண்டனீர்... அதுதான் தெரியாத மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தனான்."

முப்பத்தெட்டு வருடம் ஒரே ஆளோடு வாழ்ந்தால், ஒரு பொய்யைக்கூட நிம்மதியாகச் சொல்ல முடியாது.