கண்ணை மூடித் தேர்ந்தெடுத்த ஷேவிங் பிரஷ்

ஒரு பக்கக் கன்னம் முழுக்க நுரையோடு ஒரு மனிதர், போன வியாழக்கிழமை என் கடையில் அப்படியே உறைந்து நின்றார்!

காரணம் நான்தான்.

புதிதாக வந்தவர்களுக்கு: சிவாஜிநகரில் சலூன் சாமான் கடை வைத்திருக்கிறேன். சைக்கிளில் பிளேடு பாக்கெட் கட்டிக்கொண்டு சலூன் சலூனாக ஏறி இறங்கிச் சேர்த்த கடை. இப்போதெல்லாம் ஐ.டி. பையன்களும் வருகிறார்கள், வீடியோ பார்த்துவிட்டு "பேட்ஜர் முடி பிரஷ் இருக்காண்ணா?" என்று. (கீரி மாதிரி ஒரு வெளிநாட்டுப் பிராணி. நானும் படத்தில்தான் பார்த்திருக்கிறேன்.)

பிரஷ் கேட்டு வருகிறவர்களிடம் எனக்கு ஒரு வழக்கம் உண்டு. என்ன முடி என்றும் சொல்ல மாட்டேன், விலையும் சொல்ல மாட்டேன். கண்ணை மூடச் சொல்லி, கன்னத்தில் நுரை போட்டுக் காட்டுவேன்.

விலையைச் சொன்னால் பர்ஸ்தான் தேர்ந்தெடுக்கும், கன்னம் தேர்ந்தெடுக்காது!

(சாம்பிள் பிரஷ்களை ஒவ்வொரு முறையும் வெந்நீரில் அலசித்தான் எடுப்பேன். முகம் சுளிக்க வேண்டாம்.)

வந்தவர் தொம்மலூர் சொக்கலிங்கம் சார், கூடவே அவருடைய மனைவி. சாருக்கு ஷேவ் செய்தாலே முகம் சிவந்து தடித்துவிடுகிறதாம்.

"ஞாயித்துக்கிழமை எங்களுக்கு அறுபதாம் கல்யாணம் தம்பி. மாப்பிள்ளை மூஞ்சி மொளகாப்பழம் மாதிரி இருந்தா போட்டோ என்னத்துக்கு ஆகும்?"

"உன் மூஞ்சிய நீ பாத்துக்கோ" என்றார் சார்.

"நான் ஷேவ் பண்றதில்லையே!"

பேச்சுவாக்கில் அந்த அம்மா சொன்னார், பேத்தி ஆசைப்பட்டதால் கேக்கும் வெட்டுகிறார்களாம், ஆனால் முட்டை இல்லாத கேக்.

நான் அங்கேயே உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை.

கடையில் இருக்கிற நாலு வகை பிரஷ்ஷையும் தட்டில் வைத்தேன். சார் கண்ணை மூடினார்.

முதலில் பேட்ஜர். "என்னப்பா, பூனை வந்து ஒரசுற மாதிரி இருக்கு. வேணாம்."

அடுத்து குதிரை முடி. "பரவால்ல."

அப்புறம் செயற்கை முடி, அதாவது நைலான் வகை. "இதுவும் பரவால்ல."

நாலாவதை வைத்ததும் சாரின் முகமே மலர்ந்துவிட்டது!

"ஆங்... இதான்! முதுகு சொறிஞ்சு விட்ட மாதிரி என்ன சொகம்! இதையே பேக் பண்ணு. ஆமா, இது என்ன முடி?"

டப்பாவில் 'இயற்கை முடி' என்றுதான் போட்டிருக்கும். அதை மட்டும் படித்துக் காட்டிப் பில் போட்டிருக்கலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ஹோமத்துக்கு உட்காரும் முகத்தில் அல்லவா அது ஏறப்போகிறது? பின்னால் யாராவது சொல்லி அவருக்குத் தெரியவந்தால்?

"பன்னி சார்."

இப்போது முதல் வரிக்குப் போய் மறுபடி ஒருமுறை படித்துக்கொள்ளுங்கள்.

வாயைத் திறந்தால் நுரை உள்ளே போய்விடும் என்று சார் பேசவும் இல்லை! அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையில் என் பி.பி. ஏறியது.

பக்கத்துக் கடைக் கத்தரிக்கோல் வியாபாரி நியாஸ் பாய்தான் எட்டிப் பார்த்தார்.

"சார், எனக்கும் அது ஆகாது. வாங்க, நம்ம கடையில தண்ணி இருக்கு, கழுவிக்கலாம்." போகிற போக்கில் எனக்கும் ஒன்று கிடைத்தது. "க்யா அண்ணா, நாங்க வந்தா மட்டும் அந்த பிரஷ்ஷ எடுத்து உள்ள வைப்பீங்க. சார் கிட்ட ஒரு வார்த்த கேக்கக் கூடாதா?"

நியாயம்தான். அந்த பிரஷ்ஷைத் தட்டிலிருந்து எடுத்து உள்ளே வைத்தேன்.

சார் முகம் கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

அதற்குள் அந்த அம்மாவே ஆரம்பித்துவிட்டார். "போனாப் போவுது, விடுங்க. இடுப்புல கட்டியிருக்கீங்களே பெல்ட்டு, அது என்ன வாழ நாரா?"

"அது இடுப்பு. இது மூஞ்சி" என்றார் சார், கோபத்தோடு. பிறகு என் பக்கம் திரும்பி, "மத்ததெல்லாம்?"

"பேட்ஜரைக் கொன்னுதான் முடி எடுப்பாங்க சார். குதிரைக்கு வாலையும் பிடரியையும் கத்தரிக்கிறதோட சரின்னு சப்ளையர் சொல்றார்."

"சத்தியமா?"

"நான் கண்ணால பாக்கல சார். பாக்காததுக்கு எப்படி சத்தியம் பண்றது?"

"அப்ப அந்த நைலான்?"

"அதுக்குப் பண்றேன்!"

சார் சிரித்துவிட்டார். எனக்கும் மூச்சு வந்தது.

அப்புறம் வியாபாரியாக இல்லாமல் மனுஷனாக ஒன்று சொன்னேன். தடித்த தோலுக்குப் பன்னி முடியின் சொரசொரப்பு இப்போது சுகமாக இருக்கும், ஞாயிற்றுக்கிழமை எரியும். மெத்தென்ற பிரஷ்தான் நல்லது. வெந்நீரில் முகத்தை நனைத்து, நிதானமாக வட்டம் வட்டமாக நுரை போட்டு, முடி வளர்கிற திசையிலேயே மழிக்கச் சொன்னேன். விசாரித்தால், சார் இத்தனை நாளும் பச்சைத் தண்ணீரைத் தெளித்து எதிர்த்திசையில்தான் இழுத்துக்கொண்டிருந்திருக்கிறார்! (தடிக்காமல் என்ன செய்யும்?)

இன்னொரு முறை கண்ணை மூடச் சொன்னேன். இந்தத் தடவை நைலானை வைத்து நான் சொன்ன மாதிரியே சுற்றினேன்.

"ம்... இது நல்லாருக்கே!"

கடையிலேயே விலை குறைந்தது அதுதான். (என் நெஞ்சில் லேசாக ஒரு வலி.)

"கல்யாணம் ஆன நாள்லேருந்து நான் பாத்துப் பாத்து வாங்குன ஒண்ணும் இவருக்குப் புடிச்சதில்ல. இனிமே கண்ணக் கட்டித்தான் குடுக்கணும்" என்றார் அந்த அம்மா.

ஞாயிற்றுக்கிழமை எனக்கும் நியாஸ் பாய்க்கும் அழைப்பு. போனோம். மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்த சார், எங்களைப் பார்த்ததும் கன்னத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிக் காட்டினார். ஒரு தடிப்பு இல்லை! பந்தியில் எனக்கு ரெண்டாவது ஒப்பிட்டும் (நம்ம போளிதான்) இலையில் விழுந்தது.

இன்றிலிருந்து கடையில் புது ரூல். பிரஷ் கேட்டால் முதல் கேள்வியே "சைவமா, அசைவமா?"

காலையில் ஒரு ஐ.டி. தம்பியிடம் கேட்டேன். ரொம்ப நேரம் யோசித்துவிட்டுச் சொன்னான்:

"அண்ணா, நான் முட்டை மட்டும் சாப்பிடுவேன்."

இவனுக்கு எந்த முடியைக் கொடுப்பது? தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள், பையன் மறுபடி சாயங்காலம் வருகிறான்!